சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட ஜெபம்

தம்பி,

இதைப் போனில் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். போனில் சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய், பின்னால் பஸ் ஹாரன் கேட்கும், "அப்புறம் எடுக்கிறேன்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இதை நீ மட்டும் படித்துவிட்டு மடித்து வைத்துக்கொள்ளாதே. நீ கட்டிக்கொள்ளப் போகிற பிள்ளையும் படிக்கட்டும். கொழும்பில் உங்கள் ஜெபக்கூட்டத்தை நடத்துகிற பாஸ்டரிடமும் கொடு. ஒரே ஒருநாள் வந்துபோன அவருக்கு, தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய நம் லயத்து வாழ்க்கை தெரியாது, நம் பக்கத்து வீட்டாரைத் தெரியாது. ஆகவே உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து, எல்லாவற்றையும் முதலிலிருந்தே எழுதுகிறேன். உனக்கே சில விஷயங்கள் மறந்துபோய்விட்டன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கல்யாண வேலை எதுவும் நிற்கவில்லை. கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லியாகிவிட்டது, உன் அப்பாவின் தங்கைகள் கொட்டகலையிலிருந்து முந்தின நாளே வந்துவிடுவார்களாம். ஆனால் வசந்தி இங்கே இல்லை. பிரசவத்துக்கென்று தாய்வீடு வந்தவள், நிறை வயிற்றோடு புருஷன் ஊரான நல்லதண்ணிக்குத் திரும்பிப் போய்விட்டாள். நீ வந்து ஜெபம் நடத்திவிட்டுப் போன மறுநாள் காலையிலேயே போய்விட்டாள். ஏன் போனாள் என்று உனக்குத் தெரியாது. எனக்கும் சில நாள் தெரியவில்லை. இப்போது தெரியும், அதைத்தான் உனக்குச் சொல்லப் போகிறேன்.

வசந்தி யாரென்று பாஸ்டருக்குச் சொல்ல வேண்டும். எங்களுக்கு அடுத்த காம்பராவில், அதாவது அடுத்த அறை வீட்டில், இருக்கிற ராசு என்கிறவளின் ஒரே மகள். ராசுவும் அவள் புருஷன் முருகேசுவும் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். நாங்கள் கிறிஸ்தவக் கோயிலுக்குப் போகிற வேதக்காரர்கள். ராசு என்னை அக்கா என்பாள், நீ அவளைச் சின்னம்மா என்பாய், வசந்தி உன்னை அண்ணே என்பாள். யாரும் உட்கார்ந்து யோசித்து வைத்த முறை இல்லை இது. நான் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருந்தபோது, கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் விட்டுப்போகிற குழந்தைகளில் அவளும் ஒருத்தி. சாயங்காலம் நான் அவளை இடுப்பில் தூக்கி வருவேன், நீ என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவாய். உனக்குக் கூடப்பிறந்த தங்கை இல்லை. மாப்பிள்ளையின் தங்கை போட வேண்டிய தாலியின் கடைசி முடிச்சை வசந்திதான் போடுவாள் என்று நீங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே பேசி முடித்துவிட்டீர்கள்.

அவளுடைய முதல் பிள்ளை வயிற்றிலேயே இறந்துபோனது உனக்குத் தெரியும். மாதம் நிறைகிற சமயம். அப்போது நீ கொழும்பில் இருந்தாய், போனில் அழுதாய். வசந்தி அழவில்லை. பால் கட்டிக்கொண்டு காய்ச்சலில் கிடந்தாள், நான்தான் ஈரத்துணி போட்டேன். அதற்குப் பிறகு வெகுகாலம் அவள் பிள்ளைத்தாய்ச்சிகளைக் கண்டால் வேறு பாதையில் நடந்தாள். இப்போது மறுபடியும் உண்டாகி, இந்த முறை பயம், டாக்டர் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும், டிக்கோயா ஆஸ்பத்திரி இங்கிருந்து பக்கம், நல்லதண்ணியிலிருந்து மலை இறங்கி வருவதற்குள் எதுவும் நடந்துவிடலாம் என்றுதான் தாய்வீடு வந்திருந்தாள். நீ வந்த அன்று அவள் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தாள்.

சுவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். லயத்துக் காம்பராக்களுக்கு நடுவில் இருக்கிற சுவர் கூரை வரைக்கும் போவதில்லை. ஆள் உயரத்துக்கு மேலே கொஞ்சம் போய் நின்றுவிடும். அதற்கு மேல் தகரம் வரைக்கும் திறந்த வெளிதான். அவர்கள் வீட்டு மிளகாய் வறுத்தால் நமக்குத் தும்மல் வரும், நம் வீட்டில் கருவாடு பொரித்தால் அவர்கள் வீட்டுப் பூனை நம் வாசலில் நிற்கும். இருமல், சண்டை, சமாதானம் எல்லாம் பொது. லயத்தில் வளர்ந்தவனுக்கு எந்தப் பேச்சைச் சத்தமாகப் பேசலாம், எதைக் காதோடு பேச வேண்டும் என்று தானாகவே தெரியும். நீ கொழும்பில் சுவர் கூரையை முட்டிய அறையில் இருந்து அதை மறந்துவிட்டாய்.

உன் அப்பா தினமும் சாயங்காலம் சத்தமாகத்தான் ஜெபம் செய்வார். அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது, ஆண்டவருக்குக் காது மந்தம் என்பதுபோல்தான் கூப்பிடுவார். அவர் ஆரம்பித்தால் ராசு டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவாள். யாரும் சொல்லி அல்ல. "சாமி கும்புடுற நேரத்துல நாம கத்தக் கூடாது" என்று வசந்திக்குச் சொல்வாள், அது நமக்கும் கேட்கும். ஒருநாள் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது என்னைக் கேட்டாள். "ஏங்க்கா, மாமா தெனம் கிருபை தாரும், கிருபை தாரும்னு அழுவுறாரே, யாருக்கா அந்தக் கிருபை? காணாமப் போன பொம்பளப் புள்ளயா?" குடம் நிரம்பி வழிவது தெரியாமல் சிரித்தேன். வீட்டில் வந்து சொன்னதும் அப்பா சிரிக்கவில்லை. "அந்தப் புள்ள கேட்டது சரிதான். கெடச்ச மாதிரி ஒரு நாளாச்சும் கும்புட்டிருக்கேனா நான்?" என்றார். அவர் அப்படிப்பட்டவர். எனக்கு அந்தக் குணம் இல்லை, எனக்குச் சிரிக்கத்தான் தெரிந்தது.

எனக்குள் இருந்த பெருமையை நான்தான் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேலை கட்டி, பைபிளைக் கையில் பிடித்து, லயத்து வாசல் வழியாக நடக்கும்போது எனக்கு ஒரு நடை வந்துவிடும். ஓய்வுநாள் பாடசாலை டீச்சர் என்று பெயர். கோழி அறுத்துக்கொண்டும் துணி துவைத்துக்கொண்டும் இருக்கிற பெண்களைப் பார்த்து, பாவம், இவர்களுக்குத் தெரியவில்லையே என்று இரக்கப்படுவேன். அது இரக்கம் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். இரக்கப்படுகிறவள் கீழே குனிய வேண்டும், நான் குனிந்ததே இல்லை.

அப்பாவுக்கு வாதம் வந்து வாய் இழுத்துக்கொண்ட பிறகு நடந்ததை நான் உனக்குச் சொன்னதில்லை. நீ வாரக்கடைசியில் வந்து பார்த்துவிட்டுப் போவாய். மற்ற நாளெல்லாம் அவரும் நானும்தான். சத்தமாக ஜெபித்த மனுஷனுக்குச் சத்தமே போய்விட்டது. எனக்கு ஆண்டவர் மேல் கோபம். இவருடைய வாயா உமக்குக் கிடைத்தது என்று கேட்டேன். ஜெபிப்பதை விட்டுவிட்டேன். சாயங்காலம் ஆனால் அவர் என் முகத்தையே பார்ப்பார், நான் அடுப்படியில் போய் நின்றுகொள்வேன். இப்படியே நாள் போனது. பிறகு ஒரு சாயங்காலம் சுவருக்கு மேலாக ராசுவின் குரல் வந்தது. "அக்கா, இன்னிக்கும் கும்புடலையா? மாமா காத்துக்கிட்டு இருப்பாரே." கொஞ்ச நேரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு அவளே வந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கர்த்தர் கற்றுக்கொடுத்த ஜெபத்தை ஆரம்பத்திலிருந்து சொன்னாள். சுவர் வழியாகக் கேட்டுக் கேட்டே பாடமாகியிருக்கிறது. நடுவில் சில சொல் மாறிப்போனது, அப்பாவுக்கே உரிய அந்த இழுவை மட்டும் மாறவில்லை. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கம் ஓடியது. முடித்ததும் அவள் எழுந்து, "நேரமாச்சுக்கா, வெளக்கு வைக்கணும்" என்று தன் வீட்டுக்குப் போய் அம்மன் படத்துக்கு விளக்கேற்றினாள். அப்பா போகிற வரைக்கும் அப்படித்தான் நடந்தது. நான் ஒருநாள்கூட அவளுக்கு நன்றி சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. என் வேலையை அவள் செய்கிறாள் என்ற வெட்கம்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபப்படாதே. வேலை போய், நீ குடியில் கிடந்த காலம். அட்டன் பஸ் ஸ்டாண்டில் நீ விழுந்து கிடந்ததைப் பார்த்து, வாயைத் துடைத்து, ஆட்டோ பிடித்து உன்னைக் கூட்டிவந்தவர் முருகேசு சித்தப்பா. அது உனக்கு அரைகுறையாக நினைவிருக்கும். அவர் லயத்து முன்வாசல் வழியாக உன்னைக் கொண்டுவரவில்லை, பின்னால் வாழை மரத்துப் பக்கமாகக் கொண்டுவந்தார். "மழையில வழுக்கி விழுந்துட்டாப்ல" என்று பார்த்தவர்களிடம் சொன்னார். இன்றைக்கு வரைக்கும் நம் லயத்தில் ஒருவருக்கும் அது தெரியாது. அந்தச் சுவர் வழியாக நீ வாந்தி எடுத்ததும், நான் உன்னை அடித்ததும், நீ அழுததும் அவர்களுக்குக் கேட்டது. கேட்டதை அவர்கள் வெளியே கொண்டுபோகவில்லை. உங்கள் ஜெபக்கூட்டம் உன்னைக் குடியிலிருந்து தூக்கிவிட்டது. அதற்காக நான் முழங்காலில் நின்று நன்றி சொல்கிறேன், அதை யார் முன்னாலும் சொல்வேன். ஆனால் தம்பி, உன்னைத் தூக்கிவிட்ட கை அது ஒன்றுதான் என்று நினைத்துவிட்டாய்.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். பெண் வீட்டாரும் பாஸ்டரும் வந்திருந்தார்கள். கேக் வெட்டி, தேத்தண்ணி குடித்து, எல்லாருமாக ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். வழக்கம்போல அந்தப் பக்கம் டிவி அடங்கியது. நம்மை மதித்து அவர்கள் அடக்கிய சத்தம் அது. அதனால்தான் நீ ஜெபித்தது ஒரு சொல் விடாமல் அங்கே கேட்டது. நீ என்ன ஜெபித்தாய் என்பது உனக்கே நினைவிருக்கிறதோ என்னவோ. எனக்கு நினைவிருக்கிறது. இந்தச் சுவருக்கு அப்பால் இருக்கிற இருளைப் பாரும் ஆண்டவரே என்றாய். கல்லையும் படத்தையும் கும்பிட்டதால் கர்ப்பத்தின் கனியை இழந்துபோன வீடு என்றாய். இந்த முறையும் அவர்கள் இழந்துபோகாதபடிக்கு மனந்திரும்பட்டும் என்றாய். உன் குரல் தழுதழுத்தது. நீ வசந்தியின் மேல் பாசத்தால்தான் கேட்டாய், அதில் எனக்குச் சந்தேகமில்லை. கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருந்தால் ஒரு அறை கொடுத்து முடித்திருப்பேன். நல்ல எண்ணத்தோடு சொன்னதால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நீங்கள் எல்லாரும் புறப்பட்ட மறுநாள் காலை, ராசு வாசலில் நின்று, "புள்ள அவ வீட்டுக்குப் போறேங்குதுக்கா" என்றாள். தாய்க்கும் மகளுக்கும் ஏதோ சண்டை என்று நினைத்தேன். ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பாத்திரம் வைக்கிற சத்தம்கூட மெதுவாக வந்தது. ராசுவும் முருகேசுவும் காதோடு பேசினார்கள். லயத்தில் இத்தனை காலம் இருந்து, முதல் தடவையாக அந்தச் சுவர் கூரை வரைக்கும் எழும்பிவிட்டது என்று உணர்ந்தேன். பொறுக்க முடியாமல் பீலியில் வைத்து ராசுவைப் பிடித்தேன். "என்னடி, நான் என்ன செஞ்சேன்? மூஞ்சியக் காட்ட மாட்டேங்குறியே" என்றேன். அவள் குடத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள். "நீங்க ஒண்ணும் செய்யலக்கா. தம்பி நல்லபடியாத்தான் கும்புட்டுச்சு. அது சாமிகிட்டப் பேசினது, எங்ககிட்ட இல்லையே. நாங்கதான் காது குடுத்துட்டோம்." அப்புறம், "அந்தப் புள்ளதான் தாங்கல" என்றாள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். கேட்டதைக் குற்றமாகத் தன்மேல் போட்டுக்கொண்டாள் பார். நான் அங்கேயே நின்றேன். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

அந்த வாரமே நல்லதண்ணிக்குப் பஸ் ஏறினேன். சீசன் காலம், சிவனொளிபாத மலைக்கு யாத்திரை போகிற சனம் நிறைந்த பஸ். என் முழங்கால் உனக்குத் தெரியும். வெள்ளை உடுத்திய ஒரு சிங்களப் பிள்ளை எழுந்து, "வாடிவென்ன அம்மே" என்று தன் இடத்தில் என்னை உட்காரவைத்துவிட்டு, மஸ்கெலியா தாண்டியும் நின்றுகொண்டே வந்தாள். நல்லதண்ணியில் இறங்கி, கடைகளுக்கு நடுவே நடந்தேன். மலை இறங்கி வந்த ஒரு கிழவர், கால் நடுங்க என் எதிரே வந்து, "கருணாவாய்" என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் மலையேறத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்தார் போலிருக்கிறது. ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிற சொல் அது, நம்முடைய கருணைதான். யார், என்ன சாமி, எந்த ஊர் என்று கேட்காமல் சொல்கிறார்கள். நான் பதிலுக்கு அதைச் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. ஒருத்தியைக் காயப்படுத்திவிட்டு அவளைத் தேடிப்போகிறவள் எந்த வாயால் அதைச் சொல்வது?

வசந்தியும் மாப்பிள்ளையும் கம்பளித் தொப்பிக் கடை போட்டிருக்கிறார்கள். அவள் ஒரு முக்காலியில் உட்கார்ந்து தொப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தது. என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தாள், நான் தோளைப் பிடித்து உட்காரவைத்தேன். மாப்பிள்ளை தேத்தண்ணி வாங்கிவரப் போனார். நான் எதையோ பேச ஆரம்பித்தேன். கால் வீக்கத்துக்கு உப்பைக் குறை, கிளினிக் போனாயா என்றெல்லாம். அவள் என்னை நிறுத்தினாள். "பெரிம்மா, ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லுங்க. அண்ணே சொன்னது நெசமா? நாங்க அம்மனக் கும்புட்டதாலதான் எம்புள்ள போச்சா?"

அவள் கோபத்தில் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள். எந்நேரமும் அதையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் உன்மேல் கோபித்துக்கொண்டு போனாள் என்று நான் எண்ணியிருந்தேன். அவள் கோபத்தில் போகவில்லை தம்பி, நம்பிப் போயிருக்கிறாள். அண்ணன் படித்தவர், பொய் சொல்ல மாட்டார், சாமியிடமே சொல்கிறார் என்றால் உண்மையாகத்தான் இருக்கும் என்று நம்பியிருக்கிறாள். தன் பிள்ளையைத் தானே கொன்றுவிட்டதாக நினைக்கிறாள். வயிற்றில் இருக்கிறதைத் தொடவே பயப்படுகிறாள். அவள் கை வயிற்றின் மேல் இல்லை, முக்காலியின் விளிம்பைப் பிடித்திருந்தது. எத்தனை பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்த்தவள் நான், அப்படி ஒருத்தியைப் பார்த்ததில்லை.

எனக்கு இத்தனை வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வசனம் ஒன்றும் வரவில்லை. "இல்ல. இல்லடி. அப்படி இல்லவே இல்ல" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். "நீங்க இப்ப இல்லேங்குறீங்க பெரிம்மா. ஆனா அண்ணே முடிச்சதும் ஆமென்னு சொன்னீங்களே. எல்லாத்தையும்விட ஒங்க சத்தம்தான் பெருசாக் கேட்டுச்சு."

சொன்னேன் தம்பி. ஆமென் சொன்னேன். அப்படியே ஆகட்டும் என்றுதானே அதற்கு அர்த்தம். நான் எதற்கு அப்படியே ஆகட்டும் என்றேன் என்று யோசித்துப் பார்க்கவில்லை. சுவரை மறந்துவிட்டுச் சொன்னேன் என்றால் பொய். சுவர் எனக்கு நினைவிருந்தது. சம்பந்தி வீட்டார் முன்னால் என் மகன் கண்ணீரோடு ஜெபிக்கிறான், குடித்துக் கிடந்தவன் இன்றைக்குப் பாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபிக்கிறான், அந்தப் பக்கமும் கேட்கட்டும் என்று நினைத்துத்தான் சத்தமாகச் சொன்னேன். ராசு முதலில் அதைக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அவளுக்கு முன்னால் பட்ட வெட்கத்தையெல்லாம் அந்த ஒரு சொல்லில் தீர்த்துக்கொள்ளப் பார்த்தேன் போலிருக்கிறது. ஜெபத்தை ஆண்டவர் பக்கம் திருப்பாமல் சுவர்ப் பக்கம் திருப்பினேன். நீயாவது நம்பிச் சொன்னாய். என்னுடையது வெறும் பெருமை.

அதை வசந்தியிடம் அப்படியே சொன்னேன். வயசானவள் இதையெல்லாம் ஒரு சின்னப் பெண்ணிடம் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது. தொப்பி வாங்க வந்தவர்கள் நின்று பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள், கடைசியில் என் கண்ணைத் துடைத்தாள். "நீங்க அழாதீங்க பெரிம்மா, ப்ரஷர் ஏறிரும்" என்றாள். ஆனால் என்னோடு திரும்பி வர ஒப்புக்கொள்ளவில்லை. "அந்த வீட்டுல படுத்தா மேல இருந்து அந்தச் சத்தம் திரும்பத் திரும்பக் கேக்குது" என்றாள். "நீங்க சொன்னது சரி, ஆனா அண்ணே மனசுல அப்படித்தானே இருக்கு?" என்றாள். அதற்கு நான் என்ன பதில் சொல்வேன்? உன் மனசில் இருப்பதை நீதானே சொல்ல வேண்டும்?

அதனால்தான் இந்தக் கடிதம். நீ நல்லதண்ணிக்குப் போக வேண்டும், கல்யாணத்துக்குப் பிறகு ஜோடியாக அல்ல, இப்போதே. பாஸ்டரைக் கூட்டிக்கொண்டு போகாதே. பைபிளைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதே, அது உன் நெஞ்சில் இருந்தால் போதும். சாட்சி சொல்லாதே, அவள் தலையில் கை வைத்து ஜெபிக்காதே. தாலி முடிச்சுக்கு ஆள் வேண்டுமே என்று போகாதே, அவளுக்கு மனம் வந்தால் வருவாள், வராவிட்டால் உன் அத்தைகளில் ஒருத்தி போடட்டும். போய் அவள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல். உன் பிள்ளை ஏன் இறந்தது என்று எனக்குத் தெரியாது, தெரிந்ததுபோல் பேசியது தப்பு, உன்மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று சொல். எனக்குத் தெரியாது என்று சொல்வது பிரசங்கம் செய்கிற பிள்ளைகளுக்குக் கஷ்டம், அது எனக்குத் தெரியும். நம் ஆண்டவருடைய காரியங்களைத் தெரியும் என்று சொல்லிக்கொண்டவர்கள்தான் அவரைச் சிலுவை வரைக்கும் கொண்டுபோனார்கள். தெரியாது என்று அழுது நின்றவர்கள் பக்கத்தில்தான் அவர் எப்போதும் உட்கார்ந்தார்.

நீ உன் விசுவாசத்தை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நானும் விடப்போவதில்லை. இந்தப் பிராயத்தில் எங்கே போவேன்? சாயங்காலம் இப்போதும் ஜெபிக்கிறேன். சத்தமாக ஜெபிப்பதில்லை. வசந்திக்கும் அவள் பிள்ளைக்கும் சுகம் கொடும் என்பதற்கு மேல் ஒன்றும் கேட்பதில்லை. யாரையும் திருத்தும்படி கேட்பதில்லை, என்னைத் தவிர. அந்தப் பக்கம் ராசு இப்போதும் டிவியைக் குறைக்கிறாள். இன்னும் அவளிடம் நான் சரியாகப் பேசவில்லை. பேச வேண்டியது என் பாடு, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் பாடு நல்லதண்ணியில் இருக்கிறது. கடை வாசலில் போய் நில். அவள் "வாங்கண்ணே" என்று கூப்பிட்டால் உள்ளே போ. கூப்பிடாவிட்டால், மழையானாலும் வெளியிலேயே நின்று சொல்ல வேண்டியதைச் சொல். அவளைப் பத்திரமாக அம்மா வீட்டுக்கு, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், கொண்டுவந்து சேர். லீவு கிடைக்காது, கல்யாண வேலை இருக்கிறது, பெண் வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று என்னிடம் சொல்லாதே. கல்யாணத்தைத் தள்ளிப்போடலாம் தம்பி. பிரசவத்தைத் தள்ளிப்போட முடியாது.

அம்மா